இரண்டு ஹெக்டேர் சாரல்: கிஹான்சி தேரை இருப்பிடம் இழந்த கதை

எடுத்துக்கொண்ட நிகழ்வு

தான்சானியாவில் உட்சுங்வா மலைச்சரிவில் கிஹான்சி என்ற ஆறு ஓர் ஆழமான பள்ளத்தாக்குக்குள் அருவி அருவியாக இறங்குகிறது. அந்த அருவிகளின் சாரல் நனைத்த நிலத்தில் மட்டும் ஒரு சின்னத் தேரை வாழ்ந்தது. அது வாழ்ந்த இடம் முழுவதையும் சேர்த்து அளந்தால் சுமார் இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர். உலகத்தில் வேறெங்கும் அந்தத் தேரை கிடையாது. 1996இல் அதை முதன்முதலாகக் கண்டார்கள். 2009இல் அது இயற்கையான வாழிடத்திலிருந்து அற்றுப்போய்விட்டதாக அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது 13 ஆண்டுகள்தான். 2012இல் அதே பள்ளத்தாக்கில் அதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்த ஆண்டுகளில் முடிவெடுக்கும் இடத்தில் பலர் இருந்தார்கள்: பொறியாளர்கள், உயிரியலாளர்கள், கடன் கொடுத்த நிறுவனங்களின் அலுவலர்கள், விலங்கியல் பூங்காப் பராமரிப்பாளர்கள். யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் கையில் என்ன தகவல் இருந்தது, அதை வைத்து என்ன முடிவுக்கு வந்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் நோக்கம்.

பின்னணி: ஆறும் அணையும்

கென்யாவின் தெற்கில் தொடங்கி தான்சானியாவுக்குள் வளைந்து செல்லும் பழைய மலைத்தொடருக்குக் கிழக்கு வளைவு மலைகள் என்று பெயர். உட்சுங்வா அதன் தென்கோடியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மழையாகிறது. மலைகளுக்கு நடுவில் இருக்கும் சமவெளிகளோ வறண்டவை. அதனால் ஒவ்வொரு மலையும் ஒரு தீவு மாதிரி. ஒரு மலைக்காட்டில் உருவான உயிர் அடுத்த மலைக்குப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. வேறெங்கும் இல்லாத செடிகளும் பூச்சிகளும் தவளைகளும் இங்கே குவிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

கிஹான்சி ஆறு மேட்டுநிலத்திலிருந்து கிலொம்பெரோ சமவெளிக்கு இறங்கும்போது நாலு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் கீழே வந்துவிடுகிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு, இவ்வளவு உயரம். நீர்மின்சாரம் எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். 1990களில் வறட்சி வந்தபோதெல்லாம் தான்சானியாவின் மற்ற நீர்மின் நிலையங்கள் படுத்துவிட்டன, மின்வெட்டு மாதக்கணக்கில் நீடித்தது. அதனால் கீழ் கிஹான்சி மின்திட்டத்துக்கு அவசரம் இருந்தது. உலக வங்கியும் ஐரோப்பிய அமைப்புகளும் கடனும் உதவியும் தந்தன. 25 மீட்டர் உயர அணை, மலையைக் குடைந்த சுரங்க வழி, நிலத்தடியில் மின்நிலையம், 180 மெகாவாட் உற்பத்தி. இதுதான் திட்டம்.

திட்டத்தைக் காகிதத்தில் பார்த்த யாருக்கும் அது நல்ல திட்டமாகவே தெரிந்திருக்கும். நீர்த்தேக்கம் சின்னது. ஊர்கள் முழுகவில்லை, பெரிய காடு தண்ணீருக்கடியில் போகவில்லை. அணைகளை எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை. ஆனால் அணையில் திருப்பப்படும் தண்ணீர் மின்நிலையத்தைத் தாண்டித்தான் மறுபடி ஆற்றில் சேரும். நடுவில் இருக்கிற அந்தச் சில கிலோமீட்டர் ஆறு கிட்டத்தட்ட வறண்டு கிடக்கும். அருவிகள் எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருந்தன. தொடக்கத்தில் நடந்த சுற்றுச்சூழல் மதிப்பீடு பள்ளத்தாக்கின் உயிரினங்களை ஆழமாகப் பார்க்கவில்லை. செங்குத்தான பாறை, வழுக்கும் சரிவு, இறங்குவதே சிரமம். யாரும் போகாத இடத்தில் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வது எளிதாகிவிட்டது.

1996: பள்ளத்தாக்கில் கண்டது

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, திட்டத்தின் பாதிப்பைக் கண்காணிக்கும் வேலையாக உயிரியலாளர்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். அருவியின் அடியில், எப்போதும் சாரல் விழுந்துகொண்டிருக்கும் சரிவில், மரமே இல்லாத ஒரு பச்சைப் படுகை இருந்தது. பாசி போலத் தரையோடு படர்ந்த செலாஜினெல்லா என்ற செடியும் புல்லும் மெத்தையாக மூடியிருந்தன. அந்த மெத்தைக்குள் மஞ்சள் பொட்டுகளாகத் தேரைகள், ஆயிரக்கணக்கில்.

தேரை என்றால் தடித்த உடம்பும் சொரசொரப்பான தோலும்தான் கண்முன் வரும். இது அப்படி இருக்காது. வளர்ந்த ஆண் இரண்டு சென்டிமீட்டரைத் தொடாது, பெண் மூன்றைத் தொடாது. கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும். பொன்மஞ்சள் நிறம், பக்கவாட்டில் பழுப்புக் கோடு. வெளியே தெரியும் செவிப்பறை கிடையாது. மூக்குத் துளைகளை மூடிக்கொள்ள மடல் மாதிரி ஒரு தோல் உண்டு. ஓயாமல் தண்ணீர் மேலே விழும் இடத்தில் மூச்சுவிட அது உதவுவதாகக் கருதுகிறார்கள். பெண்ணின் வயிற்றுத் தோல் மெல்லியது, உள்ளே வளரும் குஞ்சுகள் வெளியே தெரியும். ஏனென்றால் இந்தத் தேரை தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தலைப்பிரட்டைப் பருவமும் வெளியில் இல்லை. தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, முழுத் தேரையின் வடிவில், ஒரு அரிசி மணி அளவில் பிறக்கின்றன. ஒரு ஈற்றுக்கு ஐந்திலிருந்து 16 வரை.

1999இல் இதற்கு நெக்ட்ரோஃப்ரினாய்டிஸ் அஸ்பெர்ஜினிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். அதன் பின்பாதி சாரல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கிஹான்சி சாரல் தேரை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இரை கிடைத்துவிடும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தத் தேரைக்கு அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தது ஆறு. விழுகிற தண்ணீர் சாரலைக் கொடுத்தது, கூடவே காற்றையும் கொடுத்தது. வெயிலிலும் தரை சூடேறாமல் வெப்பநிலையை ஒரே மட்டத்தில் வைத்திருந்தது. ஈரத்தை நம்பிப் பெருகிய சின்னப் பூச்சிகளைத் தேரைகள் தின்றன. தேரைக்கும் தவளைக்கும் தோல்தான் தண்ணீர் குடிக்கும் வாய், பாதி மூச்சும் அதன் வழியாகத்தான். அது காய்ந்தால் உயிர் போய்விடும்.

அப்படியானால் 1996லேயே வேலையை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அன்றைய நிலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன, கட்டுமானம் நடக்கிறது, நாடு இருட்டில் இருக்கிறது. இன்னும் பெயர்கூட வைக்கப்படாத ஒரு தேரைக்காகத் திட்டத்தை நிறுத்துவதாக யாரும் சொல்ல முடியாத கட்டம் அது. அன்று நடைமுறையில் மிஞ்சியிருந்த கேள்வி, பள்ளத்தாக்குக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதுதான். அதற்கும் ஆற்றை மூடும் முன்பாக விடை காணவில்லை.

தண்ணீர் திரும்பிய பிறகு

1999இன் இறுதிக்கும் 2000இன் தொடக்கத்துக்கும் இடையில் தண்ணீர் சுரங்கத்துக்குள் திரும்பியது. சராசரியாக நொடிக்குச் சுமார் 16 கன மீட்டர் ஓடிய ஆறு, அருவிப் பகுதியில் பத்தில் ஒரு பங்கானது.

சில மாதங்களிலேயே சாரல் படுகைகள் காயத் தொடங்கின. செலாஜினெல்லா மெத்தை வாடிச் சுருங்கியது. முன்பு அங்கே வேர்விட முடியாத களைகளும் புதர்ச் செடிகளும் ஓரங்களிலிருந்து உள்ளே வந்தன. தேரைகள் இன்னும் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்த இடங்களில் நெருக்கியடித்து ஒதுங்கின. களத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு சிக்கலைக் கொடுத்தது. நெருக்கமாக இருப்பதால் பார்த்தவுடன் தேரைகள் ஏராளமாக இருப்பதுபோல் தோன்றும். பரப்பளவோடு சேர்த்துக் கணக்கிட்டால்தான் எண்ணிக்கை விழுவது தெரியும்.

முதல் முடிவு: செயற்கைச் சாரல்

டர்பைன்களை நிறுத்தவும் முடியாது, படுகையைக் காயவிடவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் எடுத்த முடிவுதான் தெளிப்பான்கள். மேலே இருந்து குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, இறக்கத்தின் விசையிலேயே, மோட்டார் இல்லாமல், சின்ன நாசில்கள் மூலம் மென்துளியாகப் பொழியவைப்பது. 2000ஆம் ஆண்டு நடுவில் வேலை தொடங்கி 2001இன் தொடக்கத்தில் மூன்று படுகைகளில் அமைத்து முடித்தார்கள்.

இதை ஒரு கண்துடைப்பாக நினைக்க வேண்டாம். செங்குத்தான சரிவில், ஒரு செடியையும் மிதிக்காமல் குழாய் பதித்து, அருவியின் துளியளவுக்கு நெருக்கமான துளியை உண்டாக்குவது கடினமான வேலை. அது பலனும் தந்தது. சாரல் விழுந்த இடங்களில் செலாஜினெல்லா திரும்பித் தழைத்தது, தேரைகள் பெருகின. 2003 ஜூன் மாதக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை சுமார் 20,000 வரை மதிப்பிடப்பட்டது.

அருவி செய்த வேலைகளில் எதைத் தெளிப்பான் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஈரத்தை அது கொடுத்தது. தண்ணீர் விழும் வேகத்தில் பிறக்கும் காற்றைக் கொடுக்கவில்லை. இன்னொரு வித்தியாசம், ஆறு பழுதாவதில்லை. நாசில் அடைத்துக்கொள்ளும், குழாய் விலகும், வறண்ட பருவத்தில் தண்ணீர் அழுத்தம் குறையும். ஓர் இனம் முழுவதும் ஒரே குழாய்த் தொகுதியை நம்பி இருக்கும்போது அது பழுதாகும் நாள்தான் பெரிய ஆபத்து.

இரண்டாம் முடிவு: 499 தேரைகள்

தெளிப்பான் பலன் தருமா என்று தெரியாத நேரத்திலேயே, 2000 நவம்பரில், இன்னொரு முடிவு எடுத்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து 499 தேரைகளைப் பிடித்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். பிறகு அமெரிக்காவில் உள்ள வேறு சில பூங்காக்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

இந்த முடிவில் வலி இருந்தது. ஒரு நாட்டின் உயிரை இன்னொரு கண்டத்துக்கு அனுப்புவது எளிதில் ஒத்துக்கொள்ளக்கூடியதல்ல. அதிலும் இந்த இனத்தை இதற்கு முன் யாரும் வளர்த்ததில்லை. என்ன தின்னும், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எந்த வெப்பநிலையில் குஞ்சு போடும், எதுவும் தெரியாது. பிடித்துப்போகும் தேரைகள் எல்லாம் செத்துப்போகலாம் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அனுப்பியதற்கு ஒரே காரணம், முழு இனமும் ஒரே ஐந்து ஏக்கரில், ஒரே குழாயின் கீழ் இருந்ததுதான்.

இந்த நிகழ்வு முழுவதிலும் சரியான நேரத்தில் எடுத்த ஒரே முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். பேரிழப்பு வருவதற்குள், எண்ணிக்கை இன்னும் தாங்கும் நிலையில் இருக்கும்போதே எடுத்தார்கள். மூன்று ஆண்டு பொறுத்திருந்தால் பிடிப்பதற்குத் தேரையே இருந்திருக்காது.

2003

2003 ஜூனில் சுமார் 20,000. அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 40. 2004 ஜனவரியில் தேடியவர்கள் கண்ணால் பார்த்தது மூன்று தேரைகள், காதால் கேட்டது இரண்டு ஆண்களின் குரல். அதன் பிறகு உறுதியான தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த எண்களைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போவது எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது. மெத்தை பச்சையாகவே இருந்தது. அதற்குள் இருந்தவை மட்டும் சில வாரங்களில் இல்லாமல் போயின.

அந்தச் சமயத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்திருந்தன. வறண்ட பருவத்தில் தெளிப்பான்கள் பழுதாகின. அணையில் படிந்த வண்டலை வெளியேற்றுவதற்காக மதகைக் கொஞ்ச காலம் திறந்தார்கள். மேலே உள்ள சோள வயல்களில் அடித்த பூச்சிக்கொல்லி அந்த வண்டலில் கலந்திருந்தது. மூன்றாவதாக, செத்த தேரைகளின் தோலில் கைட்ரிட் பூஞ்சை இருப்பது தெரியவந்தது. உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துவரும் பூஞ்சை இது. தோலில் உள்ள கெரட்டினைப் பற்றிக்கொண்டு, தோல் வழியாக உப்புகள் உள்ளே போவதைக் கெடுத்துவிடும். உடலில் உப்புச்சத்து குறைந்து கடைசியில் இதயம் நின்றுபோகும். குளிர்ச்சியும் ஈரமும் அதற்குப் பிடித்த சூழல். தேரைக்காகக் காத்துவைத்த சூழல் பூஞ்சைக்கும் ஏற்றதாகவே இருந்தது.

மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சான்று கிடைக்கவில்லை. மரணம் வேகமாகப் பரவிய விதத்தை வைத்துப் பலர் பூஞ்சையையே முதன்மைக் காரணமாகச் சொல்கிறார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையால் தளர்ந்து, நெருக்கமாக ஒதுங்கி வாழும் கூட்டத்தில் எந்த நோயும் வேகமாகப் பரவும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வாழிடம் போனது, அப்புறம் நோய் வந்தது என்று இரண்டு தனிக் கதைகளாக இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூஞ்சை எப்படி அங்கே வந்தது? அதற்கும் உறுதியான விடை இல்லை. அணை வருவதற்கு முன் யாரும் போகாத அந்தப் பள்ளத்தாக்குக்குக் கட்டுமானமும் குழாய் பதிப்பும் கணக்கெடுப்பும் ஆட்களைக் கொண்டுவந்தன. ஈர மண் ஒட்டிய காலணி போதும், பூஞ்சையின் வித்துகள் இடம்விட்டு இடம் போக. ஆபத்து இந்த வழியிலும் வரலாம் என்பதை ஒத்துக்கொண்டுதான் திட்டமிட்டிருக்க வேண்டும்.

தொட்டிக்குள் கற்றது

பள்ளத்தாக்கில் தேரைகள் அழிந்துகொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்கப் பூங்காக்களிலும் அவை செத்துக்கொண்டிருந்தன. 499ஆகப் போனவை 2004இன் இறுதியில் 70க்கும் குறைவு. உலகத்தில் இந்த இனத்தில் மிஞ்சியிருந்தது நடைமுறையில் அவ்வளவுதான். பிராங்க்ஸ், டொலிடோ ஆகிய இரண்டு பூங்காக்களில் மட்டுமே அவை தாக்குப்பிடித்தன.

நுரையீரலில் புழு, தொற்று நோய்கள், சத்துக்குறைவு என்று காரணங்கள் பலவாக இருந்தன. பராமரிப்பாளர்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். தண்ணீரை முழுக்கச் சுத்திகரித்து, தேவையான உப்புகளைத் திரும்பச் சேர்த்தார்கள். தொட்டிக்குள் நேரம் வைத்து மென்துளி பொழியும் கருவியைப் பொருத்தினார்கள். வலுவான புற ஊதா விளக்கு போட்டார்கள். திறந்த சரிவில் வெயில் பட வாழ்ந்த உயிர் இது, நிழல்காட்டுத் தவளைக்குப் போதுமான வெளிச்சம் இதற்குப் போதவில்லை. இரையிலும் பாடுபட வேண்டியிருந்தது. பிறந்த குஞ்சே அரிசி மணி அளவு என்றால் அதன் வாய்க்குள் போகும் பூச்சி எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்! ஈர மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளையும், பழ ஈக்களையும், பொரித்து ஓரிரு நாளே ஆன சிள்வண்டுக் குஞ்சுகளையும் தனியாக வளர்த்து, சத்துப்பொடி தூவிக் கொடுத்தார்கள்.

மெல்ல மெல்ல பிறப்பு, இறப்பை முந்தியது. அந்த 70க்கும் குறைவானவற்றிலிருந்து சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. பள்ளத்தாக்கில் ஒன்றுகூட இல்லை என்பது உறுதியானதால் 2009இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை இயற்கையில் அற்றுப்போனது என்று வகைப்படுத்தியது. அந்த வகையில் சேர்க்கப்பட்ட ஓர் உயிர், பெருகிக்கொண்டிருந்த நிலையிலும் சொந்த இடம் இல்லாமல் இருந்தது.

திரும்பி வந்தது

2010 ஆகஸ்டில் 100 தேரைகள் விமானத்தில் தான்சானியா வந்தன. டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கென்று ஒரு வளர்ப்பு மையம் தயாராக இருந்தது. தான்சானியப் பணியாளர்கள் அமெரிக்கப் பூங்காக்களில் பயிற்சி பெற்று வந்து அதை நடத்தினார்கள். நேராகப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகாமல் நடுவில் இந்தப் படியை வைத்தது நல்ல முடிவு. தேரைகளைக் கவனிக்கும் திறமை, தேரைகளின் நாட்டிலேயே வேரூன்றியது.

பூஞ்சை இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுதான் பெரிய பயம். அதைச் சோதிக்கப் படுகையின் மண்ணையும் செடிகளையும் எடுத்துவந்து, வளர்ப்புத் தேரைகளையும் அப்பகுதியின் வேறு தவளை இனங்களையும் அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. அடுத்து, 2012இல், 48 தேரைகளைச் சோதனையாகப் பள்ளத்தாக்குக்கே கொண்டுபோனார்கள். அவை தாங்கியதைப் பார்த்த பிறகு அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 2,000 தேரைகளை விட்டார்கள். இயற்கையில் அற்றுப்போன ஒரு நீர்நில வாழ்வியை அதன் சொந்த இடத்தில் மீண்டும் விட்டது அதற்கு முன் நடந்ததில்லை என்று கருதப்படுகிறது. பின்வந்த ஆண்டுகளிலும் கூடுதலாக விட்டார்கள்.

அங்கே பொருந்துவது எளிதாக இல்லை. பல தலைமுறைகளாகத் தொட்டியில் பிறந்து, நேரத்துக்கு இரை கிடைத்து வளர்ந்தவை அவை. தானாக இரை தேடவும், எறும்புக்கும் சிலந்திக்கும் நண்டுக்கும் தப்பவும் பழக வேண்டும். விட்ட எண்ணிக்கைக்கும் பிறகு கண்ணில் பட்ட எண்ணிக்கைக்கும் இடைவெளி இருந்தது. இனம் தானாக நிலைபெற்றுவிட்டது என்று சொல்லும் கட்டம் உடனே வந்துவிடவில்லை. வளர்ப்பு மையங்களை மூடவும் முடியவில்லை.

தண்ணீருக்கும் ஒரு ஏற்பாடு வந்தது. பள்ளத்தாக்குக்கு நொடிக்கு 1.5 முதல் 2 கன மீட்டர் வரை விட்டே ஆக வேண்டும் என்பது மின்திட்டத்தின் நீர் உரிமத்தில் நிபந்தனையானது. ஆற்றின் பழைய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான். மீதியைத் தெளிப்பான்கள் ஈடுகட்டுகின்றன.

இன்னொரு முறை என்றால் எதை மாற்றலாம்

முதலில் மாற்ற வேண்டியது மதிப்பீட்டின் எல்லை. நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், சுரங்கம் போகும் வழியைப் பார்த்தார்கள். தண்ணீரை இழக்கப்போகும் ஆற்றுப்பகுதியை அதே கவனத்தோடு பார்க்கவில்லை. ஆற்றைத் திருப்பும் எந்தத் திட்டத்திலும், திருப்பும் இடத்துக்கும் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று முதல் நாளே கேட்க வேண்டும். அருவி இருந்தால் அதன் அடிவாரத்துக்கு நான்கு பருவத்திலும் ஆள் இறங்க வேண்டும். கிஹான்சியில் அப்படி இறங்கியவர்கள் தேரையோடு, அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு காட்டுக் காப்பிச் செடியையும் பின்னால் கண்டுபிடித்தார்கள். அங்கே என்னவெல்லாம் இருந்தது என்ற பட்டியலே ஆறு வற்றும் சமயத்தில்தான் எழுதப்பட்டது.

இரண்டாவது, தண்ணீரின் அளவை உற்பத்தி தொடங்கும் முன்பே உறுதிசெய்வது. டர்பைன் சுற்றத் தொடங்கிய பிறகு பள்ளத்தாக்குக்கு விடும் ஒவ்வொரு கன மீட்டரும் மின்சார இழப்பாகக் கணக்கில் எழுதப்படும், பேச்சுவார்த்தை அங்கிருந்துதான் தொடங்கும். முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் அது ஆற்றின் பங்காக இருந்திருக்கும். தேரையா, மின்சாரமா என்று கேட்டபோது பலர் சங்கடப்பட்டார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தக் கேள்வி அவ்வளவு கடுமையாக வந்து நின்றதற்குக் காரணம், அதைக் கேட்க எடுத்துக்கொண்ட காலம்.

தெளிப்பான் அமைப்பில், ஒரு தொகுதி பழுதானால் இன்னொன்று தானாக ஓடும்படி இரட்டை ஏற்பாடு தேவை. வறண்ட பருவத்துக்கு முன் முழுச் சோதனையும் தேவை. மதகைத் திறக்கும் நாளை மின்நிலையம் மட்டும் முடிவுசெய்யாமல், கீழே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்களோடு பேசி, வண்டலைச் சோதித்துவிட்டுத் திறக்க வேண்டும். மேலே உள்ள வயல்காரர்களையும் முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் அடிக்கும் மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லாமல் அவர்களைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

நோய்த்தடுப்பில் மாற்ற வேண்டியது அதைத் தொடங்கும் நாள். கைட்ரிட் பூஞ்சையை அறிவியல் உலகம் 1990களின் இறுதியிலேயே அடையாளம் கண்டுவிட்டது. ஒரே இடத்தில் வாழும் ஓர் இனத்தின் நிலத்துக்குள் போகிறவர்கள், கணக்கெடுக்கப் போனாலும் குழாய் சரிசெய்யப் போனாலும், காலணியைக் கிருமிநாசினியில் முக்கிவிட்டுப் போவது முதல் நாளிலிருந்தே கட்டாயமாக வேண்டும். பெரிய செலவு இல்லாத வேலை இது. ஒரு வாளி, ஒரு தூரிகை, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

வளர்ப்புக்கு அனுப்பிய முடிவை மாற்றமாட்டேன். அனுப்பிய விதத்தில் ஒன்றை மாற்றுவேன். 499ஐயும் ஒரே சமயத்தில் கண்டம் தாண்டி அனுப்பாமல், ஒரு பங்கைத் தான்சானியாவிலேயே வைத்து வளர்க்க அன்றே தொடங்கியிருக்கலாம். டார் எஸ் சலாம் மையம் பத்தாண்டு கழித்து வந்தது. அது முன்பே இருந்திருந்தால் அதே தண்ணீர், அதே பூச்சிகள், மலையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் வந்துசேரும் உதவி எல்லாம் தேரைகளுக்குக் கிடைத்திருக்கும். பூங்காக்களில் முதல் ஆண்டுகளில் செத்தவற்றில் சில பிழைத்திருக்கவும் கூடும்.

இன்று சாரல் படுகையில் பொழிவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். நாசிலில் மணல் அடைக்காமல் பார்ப்பதும், அழுத்தம் குறைந்தால் அன்றே சரிசெய்வதும், தேரைகளை எண்ணுவதும் நிற்காமல் நடக்க வேண்டிய வேலைகள். அவற்றுக்கான பணமும் ஆளும் மின்திட்டத்தின் ஆயுள் முழுவதும், அதன் இயக்கச் செலவின் ஒரு பகுதியாகவே, எழுத்தில் இருக்க வேண்டும். நிதி உதவித் திட்டங்களுக்கு முடியும் தேதி உண்டு. தேரைகளுக்குச் சாரல் ஒவ்வொரு நாளும் வேண்டும்.